சேற்றுவெளியும் சிறகுகளும்

வங்கக் கடலும் பாக் நீரிணையும் ஒன்றையொன்று தொடும் முனையில் அமைந்துள்ளது கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்திற்குத் தெற்கே, கடல்நீர் ஏறி இறங்கும் பரந்த சேற்றுவெளி அங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவ்வெளி உயிர்பெறும். சைபீரியாவின் உறைபனிச் சமவெளியில் குஞ்சு பொரித்த உள்ளான்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, சேற்றைத் துழாவி இரை தேடும். நெடுங்கால் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, நீரை அலகால் வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். அதே நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. மீனவர் வலை வீசுகின்றனர். சற்றுத் தொலைவில் உப்பளத் தொழிலாளர் பாத்தி கட்டுகின்றனர். பறவைக்கும் மனிதர்க்கும் ஒருசேர உணவளிக்கும் நெய்தல் நிலம் இது.

இந்நிலத்தின் அருமையை நாடறியச் செய்தவர்களுள் ஒருவர், இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்படும் சலீம் அலி. பறவையைக் காக்க விரும்பினால் அது வாழும் நிலத்தைக் காத்தல் வேண்டும். நிலத்தைக் காக்க, அங்கு வாழும் மக்களின் துணை வேண்டும். இவ்வுண்மையை அவருடைய வாழ்வும், அவர் தொடங்கி வைத்த பணிகளும் படிப்படியாகப் புலப்படுத்துகின்றன.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்த இவரைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் பரிவுடன் வளர்த்தனர்.

தாய்மாமன் வேட்டையில் நாட்டம் கொண்டவர். அவ்வீட்டுச் சிறுவர்களுக்குக் காற்றுத்துப்பாக்கியே விளையாட்டுப் பொருள். ஒருநாள் சலீம் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுகளிலிருந்து அது வேறுபட்டிருக்கக் கண்ட சிறுவன், அதனை மாமனிடம் கொண்டு சென்றான். அவருக்கும் அது இன்ன பறவையென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்பவரிடம் அவனை அனுப்பி வைத்தார்.

தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்த சிறுவனை மில்லார்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என விளக்கினார். பின்னர், கழகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த இந்தியப் பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார், நூல்கள் தந்தார், பறவையுடலைப் பதப்படுத்தவும் பயிற்சி பெறச் செய்தார். ஒரு சிறுவனின் வினாவைப் பொருட்டாக மதித்த அந்தப் பண்பே ஓர் அறிஞரை நாட்டுக்குத் தந்தது. பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுக்கும் அச்சிட்டின் வீழ்ச்சியையே அவர் பெயராகச் சூட்டினார்.

வேலையிழப்பும் கடலோர வாழ்வும்

கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திய சலீம் அலி, பர்மாவுக்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனித்தார். அங்கும் அவர் மனம் காட்டுப் பறவைகளையே நாடியது. தாயகம் திரும்பி வணிகமும் விலங்கியலும் பயின்றார். 1918-இல் தெகமினா பேகத்தை மணந்தார். 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவின் வழிகாட்டியாகப் பணியில் அமர்ந்தார். முறையான பறவையியல் கல்வி பெற விரும்பி, 1928-இல் ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவில், பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராயும் முறையையும் கற்றார்.

1930-இல் அவர் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அருங்காட்சியகப் பணி நீக்கப்பட்டிருந்தது. பிழைப்புக்கு வழியின்றி நின்ற அவர், மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவியுடன் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. நாள்தோறும் மணிக்கணக்கில் மறைவிலிருந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டுகிறது. பெண் குருவி அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்ட பின்னரே முழுமையாக்குகிறது. பின்பு அதே ஆண் குருவி மற்றொரு கூட்டைத் தொடங்குகிறது. இவ்வுண்மைகளை வெளியிட்ட அவரது ஆய்வு, அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. இறந்த பறவையின் உடலை அளப்பதே பெரும்பாலும் பறவையியலாக இருந்த காலத்தில், வாழும் பறவையை அதன் இடத்திலேயே அறியும் நெறியை அவர் வலுப்படுத்தினார்.

அதன்பின், சமஸ்தான அரசுகள் பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும் எனக் கூறி, ஊதியமின்றிப் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனப் பல பகுதிகளில் முகாமிட்டார். அவருக்கு உறுதுணையாக இருந்த தெகமினா 1939-இல் மறைந்தார். அத்துயரிலும் பணியை விடாது தொடர்ந்த சலீம் அலி, 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டும், மகரந்தத்தைச் சேர்த்தும், விதைகளைப் பரப்பியும் பறவைகள் உழவருக்குச் செய்யும் உதவியையும் அவர் எடுத்துரைத்தார்.

பூநாரைகளின் நகரம்

1945-இல் குசராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பெரிய ரண் என்னும் உவர்வெளிக்குச் சலீம் அலி சென்றார். கோடையில் வெடித்துக் கிடக்கும் அவ்வெளி, மழைக்காலத்தில் ஆழமற்ற நீர்ப்பரப்பாக மாறும். மனிதர் எளிதில் அணுக முடியாத அதன் நடுவே பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூம்பு வடிவக் கூடுகள் அமைத்திருந்தன. குஞ்சுகளும் முதிர்ந்த பறவைகளுமாக அங்கிருந்தவை ஏறத்தாழ 5 லட்சம் என அவர் மதிப்பிட்டார்.

இக்காட்சி ஒரு பேருண்மையையும் உணர்த்தியது. பயனற்றதென மனிதர் ஒதுக்கும் உவர்நிலமே பல்லாயிரம் உயிர்களுக்குத் தொட்டில். நீரின் ஆழம் சற்றுக் குறைந்தாலும் மிகுந்தாலும் அத்தொட்டில் குலைந்துவிடும். கடலோரச் சேற்றையும் சதுப்பையும் வெற்றுநிலமெனக் கருதித் தூர்க்கும் போக்கிற்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.

வலையும் வளையமும்

பருவந்தோறும் பறவைகள் இடம்விட்டு இடம் பெயர்தல் வலசை எனப்படும். அவை எங்கிருந்து வருகின்றன, எவ்வழியே செல்கின்றன என்பதைக் கண்டறிய, 1959-இல் உலக நலவாழ்வு அமைப்பின் உதவியுடன் இயற்கை வரலாற்றுக் கழகம் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் சலீம் அலி. பறவைகளைக் காயமின்றிப் பிடித்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டி, மீண்டும் பறக்க விடுவதே அத்திட்டம்.

இப்பணியில் நூலறிவு மட்டும் போதவில்லை. எந்த மேட்டில் உள்ளான் அமரும், எந்த வேளையில் காற்று மாறும், எவ்வாறு பிடித்தால் சிறகு ஒடியாது என்பன தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து வாழ்ந்தவர்களுக்கே தெரிந்திருந்தன. பீகாரைச் சேர்ந்த மீர்சிகார்கள் இக்கலையில் கைதேர்ந்தவர்கள். கழகம் அத்தகையோரைப் பணியில் அமர்த்தியது. சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள், அறிவியலுக்காக அதனைப் பிடித்து விடுவித்தன. தொழில் பறிபோகவில்லை, அதன் நோக்கம் மாறியது.

வளையமிட்ட பறவை எங்கோ ஒரு நாட்டில் உழவர் ஒருவர் கண்ணிலோ மீனவர் ஒருவர் கண்ணிலோ படும். வளையத்திலுள்ள முகவரிக்கு அவர் எழுதினால்தான் அப்பறவையின் பயணம் அறியப்படும். இவ்வாறு, பெயரறியா எளிய மக்களின் அக்கறையால் முழுமை பெறும் அறிவியலாக வலசை ஆய்வு அமைந்தது.

கோடியக்கரை

தமிழகக் கடற்கரையில் இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான இடமாகக் கோடியக்கரை விளங்கியது. அதன் சிறப்பைச் சலீம் அலி வலியுறுத்தினார். வெளிமான்கள் உலவும் புல்வெளியும், வறண்ட பசுமைமாறாக் காடும், கடலோரச் சதுப்பும் ஒருங்கே அமைந்த அப்பகுதி 1967-இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கு ஆண்டுக்கணக்கில் தங்கிப் பறவைகளுக்கு வளையமிட்டனர். 2002-இல், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் உள்ளடக்கிய 38,500 எக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

எனினும் ஒரு வினா எஞ்சியது. அறிவிப்புப் பலகை நட்டுவிட்டால் நிலம் காக்கப்பட்டுவிடுமா? காவிரியின் கிளையாறுகளில் வரும் நன்னீர் குறைந்தால் சதுப்பின் உப்புத்தன்மை மிகும். இரை அருகினால் பறவைகளும் அருகும், மீன்பாடும் குறையும். பறவையின் இழப்பும் மீனவரின் இழப்பும் ஒரே நீரில் தொடங்குகின்றன. எனவே, அங்கு வாழும் மக்களை வெளியே நிறுத்திவிட்டு அந்நிலத்தைக் காத்தல் அரிது.

பரத்பூர் தந்த பாடம்

இவ்வினாவுக்கு விடை, கோடியக்கரைக்கு வெகுதொலைவில், இராசத்தானிலுள்ள பரத்பூரில் கசப்பான வடிவில் கிடைத்தது. அது மன்னர்கள் வாத்து வேட்டையாடிய நன்னீர்ச் சதுப்பு. விடுதலைக்குப் பின் அதனை வயலாக்க வேண்டுமென்ற குரல் எழுந்தபோது, பறவைகளுக்காக அதைக் காக்கப் பாடுபட்டவர் சலீம் அலி. 1981-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அடுத்த ஆண்டு, சுற்றுப்புற ஊர்களின் எருமைகளும் மாடுகளும் அங்கு மேயத் தடை விதிக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஊர்மக்கள் சிலர் உயிரிழந்தனர்.

தடை பறவைகளுக்கேனும் நன்மை செய்ததா? சலீம் அலி வளர்த்த கழகமே பல்லாண்டுகள் அங்கு ஆய்வு நடத்தியது. மேயும் எருமைகள் இல்லாமையால் நீர்நிலைகளில் புல் மண்டியது. நீர்ப்பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. தீங்கெனக் கருதி விலக்கப்பட்ட மேய்ச்சல், உண்மையில் அச்சதுப்பின் நலனுக்கு உதவியிருந்தது என்னும் முடிவை ஆய்வாளர்கள் மறைக்காமல் வெளியிட்டனர். தாம் கொண்ட கருத்துக்கு மாறாக இருப்பினும் கண்டதைக் கண்டவாறே உரைப்பது அறிவியலின் அறம்.

மக்களே காவலராக அமைந்த சான்று தமிழகத்தில் முன்னரே உண்டு. வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளை அவ்வூர் மக்கள் நெடுங்காலமாகக் காத்து வந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயல்களுக்கு உரமாயிற்று. அங்குப் பறவைகளைச் சுடலாகாது என்னும் அவர்களது உரிமையை 1798-ஆம் ஆண்டிலேயே மாவட்ட ஆட்சியர் ஏற்றார். பறவையின் வாழ்வோடு தம் வாழ்வும் பிணைந்திருப்பதை மக்கள் உணரும் இடத்தில் காவல் தானே அமைகிறது.

நிலைத்த புகழ்

டில்லான் ரிப்ளியுடன் இணைந்து பத்துத் தொகுதிகளாக இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் பற்றிய கையேட்டைச் சலீம் அலி உருவாக்கினார். 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகளைப் பெற்றார். பன்னாட்டுப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987-இல் மறைந்தார்.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் 1990-இல் நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவாவில் மாண்டவி ஆற்றின் தீவொன்றிலுள்ள அலையாத்திக் காடும் அவர் பெயரிலேயே பறவைகள் சரணாலயமாக விளங்குகிறது. கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தில், அழிந்த அலையாத்திக் காட்டை மீட்க 1990-களில் ஆய்வாளர்களும் ஊர்மக்களும் கைகோத்தனர். கடல்நீர் உள்ளே பாய வாய்க்கால் வெட்டி, கன்றுகளை நட்டு, காட்டை மீண்டும் தழைக்கச் செய்தனர். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, அலையாத்திக் காட்டுக்குப் பின்னிருந்த குடியிருப்புகளில் பாதிப்புக் குறைவாக இருந்தது. மக்கள் காத்த காடு மக்களைக் காத்தது.

காற்றுத்துப்பாக்கி ஏந்திய ஒரு சிறுவனின் வினாவில் தொடங்கியது சலீம் அலியின் பயணம். இன்றும் பருவந்தோறும் உள்ளான்கள் கோடியக்கரையை நாடி வருகின்றன. அவை வந்திறங்கும் நாளில் அங்கே சேறு இருக்குமா, அச்சேற்றில் உயிர் இருக்குமா என்பது கரையில் வாழ்வோரின் கைகளிலும், அவர்களை மதித்துத் துணைநிற்போரின் கைகளிலும் உள்ளது.