திருத்தணியை மீட்ட ம.பொ.சி.
ஜெயிலுக்கு அஞ்சாத சிலம்புச் செல்வர்

மணவூர்,
சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் ரெயில் மணவூரில் நின்று போகிறது. இந்தப் பக்கத்து ஜனங்கள் காவடி எடுத்துப் போகும் திருத்தணி, 1953 முதல் 1960 வரை ஆந்திராவில் இருந்தது. இது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

அதை மீட்க முன்னால் நின்றவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம்.

3-ம் வகுப்பு

1906-ல் சென்னையில் ஏழை வீட்டில் பிறந்தார். 3-ம் வகுப்போடு படிப்பு நின்றது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தார்.

காந்தி கூப்பிட்டார். ம.பொ.சி. கதர் கட்டிக்கொண்டு கிளம்பினார்!

1942 ஆகஸ்டு போராட்டத்தில் அவரைப் பிடித்து, தொலைதூர அமராவதி ஜெயிலில் போட்டது வெள்ளைக்கார அரசு. அங்கே வந்த வயிற்று நோய் அவரை எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டது. அப்போதும் சிலப்பதிகாரத்தைக் கையில் இருந்து விடவில்லை.

அன்னிய ஆட்சிக்குத் தலையாட்டி இருந்தால் வீட்டில் நிம்மதியாகத் தூங்கி இருக்கலாம். ஆனால் நாட்டுக்கு நிம்மதி வந்திருக்காது.

மறுநாளே கிளம்பினார்

1947-ல் சுதந்திரம் வந்தது. கொண்டாட்டம் ஓயும் முன்பே வடக்கு எல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே ஊர் ஊராக நடந்து, காசு வாங்காமல் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் மங்கலங்கிழார் என்ற ஆசிரியர். இருவரும் கைகோர்த்தார்கள்.

தெலுங்கு மக்களுக்கும் தனி மாநில ஆசை இருந்தது. அதற்காக 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார் பொட்டி ஸ்ரீராமுலு. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திரா பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் போனது!

அதற்கு முன்பே, ஜூலையில், திருத்தணியில் தடை உத்தரவை மீறி ம.பொ.சி. கைதானார். மறுபடியும் ஜெயில். இந்த முறை பூட்டியது சொந்த நாட்டுப் போலீஸ்!

மறியல், கடையடைப்பு, ரெயில் நிறுத்தம் எல்லாம் நடந்தன. தொண்டர்கள் இருவர் உயிரையே கொடுத்தார்கள். மங்கலங்கிழாரும் 1953-லேயே காலமாகிவிட்டார். பலனை அவர் பார்க்கவில்லை.

விட்டுக் கொடுத்தது

கடைசியில் இரு மாநிலமும் உட்கார்ந்து பேசின. படாஸ்கர் நடுவராக இருந்து கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி திரும்பி வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு ஜில்லா கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போயின. ம.பொ.சி. கேட்ட திருப்பதி கிடைக்கவில்லை.

முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் அன்று போட்ட கோடு இன்று வரை நிற்கிறது. தமிழரும் தெலுங்கரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். ஒரே படியில் மலை ஏறுகிறார்கள்.

வாய்மூடி இருந்தால் திருத்தணி வந்திருக்காது. பேசி முடிக்க மனசு இல்லாவிட்டால் சண்டை ஓய்ந்திருக்காது. இரண்டும் சேர்ந்தபோதுதான் எல்லையில் அமைதி வந்தது.

பிறகு மேல்சபைத் தலைவராக இருந்த ம.பொ.சி. 1995-ல் காலமானார். அமராவதி ஜெயிலில் வந்த வயிற்று நோய் மட்டும் அவரைக் கடைசி வரை விடவே இல்லை.