சிவப்புக் கத்திக்குப் பின்னால் ஒரு கடன்காரர்

இன்ப்ளாண்ட் ட்ரெயினிங்குக்குப் போன முதல் நாளை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஏதோ ஒரு கம்பெனி கேட். செக்யூரிட்டி அண்ணன் பையைத் திறக்கச் சொல்கிறார். சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஓகே. பக்கவாட்டு ஜிப்புக்குள்ளிருந்து ஒரு பழைய சிவப்புக் கத்தி வெளியே வருகிறது. பெரியப்பாவோ மாமாவோ எப்போதோ கொடுத்தது. உள்ளே விட முடியாது என்று சொல்லி, டோக்கன் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெயின்ட் அடித்த காரின் மேல் பெல்ட் பக்கிள் உரசினாலே பிரச்சினை ஆகும் இடத்தில் கத்திக்கு என்ன வேலை?

ஆனால் சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்ததும் அதே கத்திதான் ராஜா. பார்சல் பிரிக்க அது. மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த ஸ்க்ரூவுக்கு அது. பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட அது. ஆப்பிள் நறுக்க அது (கழுவிட்டுதான், ப்ளீஸ்). ஃபேன் ரெகுலேட்டர் மூடி ஆடினால், மெயினை ஆஃப் பண்ணிவிட்டு இறுக்கவும் அதுவே. பக்கத்து ரூம் பையன் வந்து கேட்பதும் அதைத்தான், திருப்பித் தர மறப்பதும் அதைத்தான்.

இந்தப் பொருளை முதலில் யோசித்த மனிதர் ஒரு வெற்றிகரமான தொழிலதிபர் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அந்த வடிவம் அவர் கையில் பிறந்தபோது அவர் கழுத்தளவு கடனில் இருந்தார். பெயர் கார்ல் எல்ஸ்னர்.

எல்ஸ்னர் பிறந்தது 1860-ல், ஸ்விட்சர்லாந்தில். அப்பா தொப்பி செய்பவர். அம்மா பெயர் விக்டோரியா. இந்தப் பெயரை மறந்துடாதீங்க, கடைசியில் தேவைப்படும். அப்பாவின் தொழிலுக்குப் போகாமல் கார்ல் கத்தி செய்யக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தொழில் பழகியவர்கள் ஊர் ஊராகப் போய், வெவ்வேறு பட்டறைகளில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத்தான் சொந்தமாகக் கடை போடுவார்கள். நம்ம இன்டர்ன்ஷிப் மாதிரி, ஆனால் வருஷக்கணக்கில். கார்ல் அப்படிப் போன ஊர்களில் ஒன்று ஜெர்மனியின் டுட்லிங்கன். இன்றைக்கும் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பேர் போன ஊர் அது.

1884-ல் திரும்பி வந்து, ஷ்வீஸ் மாநிலத்தில் இபாக் என்கிற கிராமத்தில் பட்டறை போட்டார். பக்கத்தில் ஓடிய ஓடையில் ஒரு தண்ணீர்ச் சக்கரம். சாணை பிடிப்பதற்கும் பாலிஷ் போடுவதற்கும் அந்தச் சக்கரம்தான் மோட்டார். சமையலறைக் கத்தி, சவரக் கத்தி, அறுவை சிகிச்சைக் கத்தி எல்லாம் செய்தார். அவருடைய அம்மாவின் கடையிலும் அவை விற்றன.

அன்றைய ஸ்விட்சர்லாந்தை இன்றைய சாக்லேட் விளம்பரத்தை வைத்து எடை போடக் கூடாது. ஷ்வீஸ் பக்கம் பிழைப்பே கிடையாது. மலை, மாடு, கொஞ்சம் விவசாயம், அவ்வளவுதான். வேலையில்லாத பையன்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊரில் வேலை உண்டாக்க வேண்டும் என்பது எல்ஸ்னருக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராணுவத்திலிருந்து ஒரு தேவை வந்தது. ஸ்விஸ் ராணுவம் 1889-ல் ஒரு புதுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சிப்பாய்களுக்கு டின்னில் அடைத்த சாப்பாடு வரத் தொடங்கியிருந்தது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? எனவே ஒரு வெட்டும் அலகு, ஒரு டின் ஓப்பனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஓட்டை போட ஒரு தமரூசி, இந்த நான்கும் ஒரே பிடிக்குள் மடங்க வேண்டும் என்று ராணுவம் முடிவு செய்தது. பிடி கருநிற ஓக் மரம். மாடல் 1890 என்று பெயர்.

ஆர்டர் 15,000 கத்திகள். அவ்வளவு எண்ணிக்கையைச் செய்து தரும் திறன் ஸ்விட்சர்லாந்தில் எந்தப் பட்டறைக்கும் அன்று இல்லை. ஆர்டர் எல்லை தாண்டி, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் இருந்த வெஸ்டர் கம்பெனிக்குப் போனது. சொந்த நாட்டுச் சிப்பாயின் பாக்கெட்டில் அயல்நாட்டுக் கத்தி.

எல்ஸ்னரால் இதைச் சகிக்க முடியவில்லை. தன்னைப் போன்ற இருபதுக்கும் மேற்பட்ட கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஒரு பட்டறையால் முடியாததை எல்லாரும் பங்கு போட்டுச் செய்வோம் என்பது திட்டம். 1891-லேயே ராணுவத்துக்கு உள்நாட்டுக் கத்தி தயாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இங்கேதான் நம்ம மெஷின் டிசைன் வகுப்பில் சொல்லித் தராத பாடம் வருகிறது. கத்தி நன்றாக இருந்தது, விலை ஒத்துவரவில்லை. சோலிங்கன் ஆலையில் பெரிய மெஷின், பெரிய எண்ணிக்கை. ஆலைச் செலவு ஆயிரக்கணக்கான கத்திகளுக்குப் பிரிந்து போய்விடும். இபாக்கில் ஒரு ஓடை, ஒரு சக்கரம், சில ஆட்கள். அதே கத்தியை வெஸ்டர் குறைந்த விலைக்குத் தர முடிந்தது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் சீக்கிரமே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்ஸ்னர் மட்டும் விடவில்லை. நஷ்டத்துக்கே கத்தி கொடுத்தார். கையிலிருந்த சொத்து கரைந்தது. திவாலாகும் நிலைமை. உறவுக்காரர்கள் கைகொடுத்ததாலும் கடன் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டதாலும் மட்டுமே பட்டறைக் கதவு திறந்திருந்தது.

இந்தக் கதையை நாம் வேறு பெயர்களில் கேட்டிருக்கிறோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்த பிறகு, இந்தப் பகுதியில் சப்ளையர்கள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்தார்கள். பெரிய ஆலைக்கு பிராக்கெட், கிளிப், ரப்பர் பாகம் செய்து தரும் சின்ன யூனிட்டுக்குத் தெரியும், ஒரு பீஸுக்குச் சில பைசா வித்தியாசத்தில் ஆர்டர் கை மாறிவிடும் என்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் நின்றபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ வீடுகளில் அந்த மாதச் சம்பளமும் நின்றது. ஆர்டர் போனால் என்ன ஆகும் என்பது இபாக் கிராமத்துக்கு மட்டும் உரிய கவலை இல்லை.

சரி, எல்ஸ்னர் என்ன செய்தார்? விலையில் ஜெயிக்க முடியாது என்று புரிந்துகொண்டு, வேறு கத்தியை யோசித்தார். சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதிகாரிகள் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி இலகுவாக, அழகாக, இன்னும் அதிக வேலை செய்வதாக ஒன்று வேண்டும். கூடுதலாக ஒரு சின்ன அலகும், ஒயின் பாட்டில் கார்க் எடுக்கும் திருகும் சேர்க்க நினைத்தார். மொத்தம் ஆறு கருவி. ஆறையும் திணித்தால் கத்தி செங்கல் மாதிரி ஆகிவிடுமே?

கையில் ஒரு பழைய கத்தி இருந்தால் இப்போ எடுத்துப் பாருங்க. மடக்கு கத்தியில் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைப்பது முதுகுப்பக்கம் இருக்கிற ஒரு பட்டை ஸ்பிரிங். அலகைத் திருப்பும்போது அதன் அடிப்பகுதி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தூக்கும், பிறகு ஸ்பிரிங் டக்கென்று திரும்ப உட்காரும். அந்தச் சத்தம்தான் நீங்க கேட்கிற கிளிக். ஸ்பிரிங்குக்கு இரண்டு முனை, ஒவ்வொரு முனையும் ஒரு கருவியைப் பிடிக்கும். எல்ஸ்னரின் யோசனை, அதே ஸ்பிரிங்கின் மறுபக்கத்தையும் வேலை வாங்குவது. முன்பக்கம் நான்கு கருவிகளை இரண்டு ஸ்பிரிங்குகளின் நான்கு முனைகள் தாங்கும். தமரூசியும் கார்க் திருகும் முதுகுப்பக்கத்தில் அதே இரண்டு ஸ்பிரிங்குகளின் மேல் சாய்ந்துகொள்ளும். ஆறு கருவிக்கு இரண்டே ஸ்பிரிங். தடிமனும் எடையும் கட்டுக்குள் வந்துவிட்டன. புதுப் பொருள் எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ளே இருந்த பாகத்துக்கே இரண்டாவது வேலை கொடுத்தார்.

1897 ஜூன் 12 அன்று இந்தக் கத்தியின் வடிவத்துக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றார். அதிகாரிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்குமான கத்தி என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ராணுவம் இதை அதிகாரபூர்வமாக வாங்கவே இல்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் கடையில் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். டெண்டர் காப்பாற்றாத பட்டறையைக் கடைத்தெரு காப்பாற்றியது. கடன் அடைந்தது, இபாக்கில் ஆட்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

போட்டி மட்டும் நிற்கவில்லை. நாட்டின் பிரெஞ்சு பேசும் பகுதியிலிருந்து இன்னொரு நிறுவனமும் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துவந்தது. பின்னாளில் வெங்கர் என்று அறியப்பட்டது அதுதான். இரண்டு பக்கமும் மனஸ்தாபம் வராமல் இருக்க, 1908-ல் அரசு ஆர்டரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது. 2005-ல் அந்த வெங்கரை எல்ஸ்னரின் நிறுவனமே வாங்கிவிட்டது தனிக்கதை.

1909-ல் அம்மா இறந்தார். எல்ஸ்னர் தன் தயாரிப்புக்கு அவருடைய பெயரையே வைத்தார்: விக்டோரியா. கேடயத்துக்குள் வெள்ளைச் சிலுவை இருக்கும் முத்திரையும் அந்த ஆண்டில் வந்ததுதான். 1918 டிசம்பர் 26 அன்று எல்ஸ்னர் காலமானார். வயது 58. துருப்பிடிக்காத எஃகு கத்திக்குள் வந்ததை அவர் பார்க்கவில்லை. 1921-ல் அந்த எஃகு வந்ததும், அதற்கான பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமான இனாக்ஸ் என்பதை அம்மாவின் பெயரோடு ஒட்டினார்கள். விக்டோரினாக்ஸ் ஆனது. அதாவது உங்க கத்தியின் அடியில் பொறித்திருப்பதில் பாதி ஒரு கடைக்கார அம்மாவின் பெயர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் இதை அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் ஸ்விஸ் ஆர்மி நைஃப் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்தான் நமக்கும் வந்து சேர்ந்தது. 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றிய டிம் லெதர்மேன் என்ற அமெரிக்க இன்ஜினியருக்கு, பாக்கெட் கத்தி இருந்தும் ப்ளையர் இல்லையே என்று தோன்றியது. 1983-ல் அவருடைய ப்ளையர் வைத்த மல்ட்டி டூல் சந்தைக்கு வந்தது. எல்ஸ்னர் போட்ட பாதையில் ஒரு கிளை அது.

இனி உங்க கையில் இருக்கிற பழசுக்கு வருவோம். டின் ஓப்பனரின் நுனியைக் கவனிச்சிருக்கீங்களா? தட்டையாக, சின்னதாக இருக்கும். அது ஸ்க்ரூ டிரைவர்தான், சின்ன ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும். பாட்டில் ஓப்பனர் அடியில் ஒரு வெட்டு இருந்தால், அது வயரின் உறையை உரிக்க. கார்க் திருகு நமக்கு வீண் என்று நினைக்காதீங்க, இறுகிப்போன ஷூ லேஸ் முடிச்சை அதைவிட நன்றாக எதுவும் அவிழ்க்காது.

இரண்டு எச்சரிக்கை. இந்த வகைக் கத்தியில் பெரும்பாலும் அலகுக்குப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். அலகின் முதுகை அழுத்தினால் விரல்மேல் மடங்கும். எனவே குத்தி ஓட்டை போடாதீங்க, தமரூசியானாலும் நிதானமாகத் திருகுங்க. இரண்டாவது, பிடி பிளாஸ்டிக் என்பதற்காகக் கரண்ட் ஓடும் வயரில் கை வைக்க வேண்டாம். உள்ளே முழுக்க உலோகம்.

பராமரிப்பு ரொம்ப சுலபம். அழுக்கு சேர்ந்து இறுகியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, எல்லாக் கருவிகளையும் பலமுறை திறந்து மூடுங்க. நன்றாகக் காய வைத்து, கீல்களில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. துருவேறும் பழைய கார்பன் ஸ்டீல் அலகு என்றால், துடைக்காமல் ஒருநாளும் மூடாதீங்க. நம்ம ஊர் ஈரக்காற்றில் ஒரே வாரத்தில் புள்ளி விழுந்துவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் அலகை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்க. கிளிக் சுத்தமாகக் கேட்கிறதா? கடனில் தத்தளித்த ஒருவர், ஒரே ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை கொடுத்த இடம் அது. உங்க வீட்டு பீரோவிலோ தாத்தாவின் டூல் பாக்ஸிலோ இப்படி ஒரு பழைய கருவி தூங்கிக்கொண்டிருந்தால், போட்டோ எடுத்து, அது யாரிடமிருந்து வந்தது என்று நாலு வரி எழுதி நமக்கு அனுப்புங்க. அடுத்த இதழில் போடுவோம். அப்புறம் இன்னொன்று, நாளைக்கு ட்ரெயினிங் இருந்தால் அதை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போங்க.