எண்பத்தைந்தில் எடுத்த எழுதுகோல்



அறுபது வயது தாண்டியதும் திண்ணையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, இனி நமக்கென்ன வேலை என்று சொல்லுகிறவர்கள் நம் தென்னேரியிலும் உண்டு. அவர்கள் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் கடைசிக் காலத்தைச் சற்றுக் கவனிப்பார்களாக.

1855-ல் பிறந்த ஐயரவர்கள், சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு முதலிய நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றியது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. சென்னை மாநிலக் கல்லூரி உத்தியோகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1919-ல். பிறகும் 1924-ல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். 1927-ல் சரீரம் தளரவே சென்னைக்குத் திரும்பினார்.

அத்தோடு ஓய்ந்தாரா? அவர் மனத்தில் ஒரு கடன் பாக்கியிருந்தது. தமக்குத் தமிழூட்டிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-லேயே காலமாகிவிட்டார். (நம் கத்தோலிக்க முன்சீப் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு உற்ற நண்பர் அந்த ஆசிரியர்.) அவருடைய சரித்திரத்தை ஐயர் இரண்டு பாகமாக 1933, 1934-ல் வெளியிட்டார். ஐம்பத்தெட்டு வருஷம் சுமந்த குருகடன், எழுபத்தொன்பதாம் வயதில் தீர்ந்தது! குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தபோது, 1937-ல், வயது எண்பத்திரண்டு.

இவ்வளவையும் தனியே செய்தாரென்று எண்ணிவிடாதீர்கள். மாணவர்கள் துணையிருந்தார்கள், முக்கியமாகக் கி. வா. ஜகந்நாதன். முதியவர் இளையவர்களிடம் உதவி கேட்கக் கூச்சப்படவில்லை. இளையவர்களும் அருகிலிருந்து காது கொடுத்தார்கள். நம் வீடுகளில் தாத்தா பழங்கதையைத் தொடங்கினால் பேரப்பிள்ளை எழுந்து போய்விடுகிறான். அந்தத் தாத்தாவும் பிறகு வாயைத் திறப்பதில்லை. முதுமையில் மூட்டுவலியைவிட இது கொடிது என்பது என் அபிப்பிராயம்.

1940 ஜனவரியில், எண்பத்தைந்தை நெருங்கும்போது, ஆனந்த விகடனில் வாரந்தோறும் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். இந்தச் சிறு இதழை வாரம் ஒருமுறை நிரப்பவே திண்டாடும் எனக்கு, அவருடைய 122 அத்தியாயங்கள் பெருவியப்பைத் தருகின்றன.

1942-ல் ஜப்பானியர் குண்டுக்குப் பயந்து சென்னை ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஐயரும் திருக்கழுக்குன்றம் வந்து சேர்ந்தார். செங்கற்பட்டைக் கடந்தால் நமக்கு எட்டும் ஊர்தான். அங்கே ஏப்ரல் 28-ந் தேதி, எண்பத்தேழாம் வயதில் காலமானார். எழுதிவந்த கதையோ ஏறக்குறைய 1899-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிருந்தது. பிற்பாடு மிச்சக் கதையை 'என் ஆசிரியப்பிரான்' என்ற பெயரில் எழுதியவர், பக்கத்திலேயே இருந்த அந்த ஜகந்நாதன்தான்.