கழற்றிப் பார்த்தவர்

சென்ற கோடை விடுமுறையில் பெரியப்பாவின் பழைய ஆஸ்டின் 7 காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு விழித்துக்கொண்டிருந்தேன். கையேட்டைக் கரையான் தின்றுவிட்டது. சிலிண்டரின் விட்டம் 2.2 அங்குலம், கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர் என்று ஒரு வயதான மெக்கானிக் நினைவிலிருந்து சொன்னார். அதை நம்பி நான்கு பிஸ்டன்களை வரவழைத்தேன். உள்ளே விட்டால் கலகலவென்று ஆடின! பெரியப்பாவின் ஒரு மாத ஓய்வூதியம் போயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

அந்த மனவருத்தத்தோடு நூலகத்தில் புகுந்தபோதுதான் ரோல்ஸ் ராய்ஸ் என்னும் பெயரின் பின்பாதிக்கு உரியவரான ஹென்றி ராய்ஸின் வரலாறு கைக்குக் கிட்டியது.

1863 மார்ச் 27இல் இங்கிலாந்தின் ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரில், மாவாலை நடத்திய குடும்பத்தில், ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார் ராய்ஸ். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். செய்தித்தாள் விற்றார்; தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை ஒருவர் ஆண்டுக்கு 20 பவுன் கட்ட முன்வந்ததால் பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் தொழில் பழகினார். மூன்று ஆண்டில் அத்தையின் பணம் தீர்ந்தது. பயிற்சியும் பாதியில் நின்றது. கட்டணம் கட்ட நாள் பார்த்திருக்கும் நம் வீடுகளுக்கு இது புதிய கதையன்று. 1884இல் மான்செஸ்டரில் நண்பர் கிளேர்மான்ட்டோடு சேர்ந்து மின்கருவித் தொழில் தொடங்கினார்.

1903இல் டெக்காவில் என்னும் பிரெஞ்சுக் காரைப் பழையதாக வாங்கினார். அதன் ஓட்டம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அக்கக்காகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்தார், குறை கண்ட இடத்தைத் திருத்தித் தாமே ஒரு கார் கட்டினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் 1904 ஏப்ரல் 1இல் பட்டறையை விட்டு வெளியே ஓடிற்று. அடுத்த மாதமே ரோல்ஸ் என்னும் செல்வர் வீட்டு இளைஞர் அவரைச் சந்தித்தார். (நம் கோவை ஜி.டி. நாயுடுவும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துத்தான் தொழில் கற்றார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

1906இல் வந்த ஆறு சிலிண்டர் கார்தான் 'சில்வர் கோஸ்ட்' என்று புகழ்பெற்றது. அதன் சிலிண்டர் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் நாலரை அங்குலம்; கொள்ளளவு 7,036. சில ஆண்டுகளில் ஓட்டத்தைக் கால் அங்குலம் கூட்டவே கொள்ளளவு 7,428 ஆயிற்று. பெயர் ஒன்று, அளவு இரண்டு! இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது.

ராய்ஸ் உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைத்து உடலைக் கெடுத்துக்கொண்டார். அதைப் போற்ற எனக்கு மனமில்லை. 1911இல் கடும் நோயுற்றபின் ஆலையை விட்டு விலகி, கடலோர ஊர்களில் தங்கி, வரைபடங்களை டெர்பி ஆலைக்கு அனுப்பிக்கொண்டே 22 ஆண்டுகள் வாழ்ந்தார். 1930இல் பாரனெட் பட்டம் பெற்றார். 1933 ஏப்ரல் 22இல் மறைந்தார்.

வீட்டுக்கு ஓடி, மூலையில் எறிந்திருந்த பழைய பிஸ்டனை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரியைச் சுரண்டினேன். தலையில் 040 என்ற குறி தெரிந்தது. யாரோ முன்பே சிலிண்டரைக் கடைந்து அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலப்படுத்தியிருக்கிறார்கள். மெக்கானிக் சொன்னது ஆலையின் அளவு. என் முன்னால் கிடந்தது வேறு அளவு. பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை இரண்டு முறை வாசித்தார். பிறகு உள்ளே போய்ப் பணப்பையோடு திரும்பி வந்தார்.