மலையின் நாடி பார்த்த மருத்துவர் அக்ரிகோலா

சாலைக்குக் கல் உடைக்கும் மலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கருங்கல்லின் குறுக்கே வெள்ளை வெளேரென்று ஒரு கோடு ஓடும். யாரோ சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அது சுண்ணாம்பு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அதை வெங்கச்சங்கல் என்பார்கள். இருட்டில் இரண்டு துண்டை உரசினால் பளிச்சென்று ஒளி விடும். அறிவியல் நூல்கள் அதற்குக் குவார்ட்சு என்று பெயர் சொல்லும். பெரும்பாலும் அது வெறுங்கல்தான். ஆனால் சில மலைகளில் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் வெள்ளீயம் இருக்கும், வெள்ளி இருக்கும், தங்கமும் இருக்கும். உடம்பில் நரம்பு ஓடுவது போல மலைக்குள் ஓடுவதால் அதைத் தாது நரம்பு என்கிறோம்.

இந்த நரம்பு அங்கே எப்படி வந்தது? மலை பிறந்தபோதே கூடப் பிறந்ததா, இல்லை பிறகு வந்து சேர்ந்ததா? குழிக்குள் இறங்கிப் பார்த்து இதற்கு விடை தேடிய ஒரு பெரியவரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் கிளௌகாவ் என்ற சிற்றூரில் 1494-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பிறந்தார் கியோர்க் பவுவர். தந்தையார் துணித் தொழில் செய்தவர். பவுவர் என்றால் அவர்கள் மொழியில் உழவர் என்று பொருள். அந்தக் காலத்துப் படிப்பாளிகள் பெயரை இலத்தீனில் மாற்றி வைத்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் பவுவர் அக்ரிகோலா ஆனார். பெயர் மாறினாலும் அவர் உழவர்தான்; பொருள் மாறவில்லை பாருங்கள்!

அவர் முதலில் பார்த்த வேலை வாத்தியார் வேலை. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1518-இல் சுவிக்காவ் நகரில் கிரேக்கமும் இலத்தீனும் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களுக்காக 1520-இல் ஒரு சிறிய இலக்கண நூலும் எழுதினார். அதோடு நின்றிருந்தால் இன்று யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. பிறகு இத்தாலிக்குப் போய் மருத்துவம் படித்தார். வெனிஸ் நகரத்து அச்சகம் ஒன்றில், பழங்கால மருத்துவர் காலனின் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையிலும் பங்கெடுத்தார்.

1527-இல் அவருக்கு யோகிம்ஸ்தால் என்ற மலையூரில் நகர மருத்துவர் வேலை கிடைத்தது. இன்று அந்த ஊர் செக் நாட்டில் யாகிமோவ் என்ற பெயரோடு இருக்கிறது. 1516-இல்தான் ஊரே உண்டானது. வெள்ளி கிடைத்த செய்தி பரவியதும் நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். அங்கே அடித்த வெள்ளிக் காசுக்கு ஊர்ப் பெயரையொட்டித் தாலர் என்று பெயர். அந்தத் தாலர்தான் வாய்க்கு வாய் மாறி டாலர் ஆனது. நாமும் பணத்தை வெள்ளி என்றே சொல்லிப் பழகியவர்கள்தானே!

நம் தோட்டங்களில் டிரசர் இருந்தது போல அந்தச் சுரங்க ஊருக்கு அக்ரிகோலா இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கால் முறிந்தவர்கள், மூச்சுத் திணறியவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். ஆனால் அவர் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்காரவில்லை. ஓய்வு நேரமெல்லாம் சுரங்கத்திலும் உலைக்களத்திலும் கழிந்தது. பழைய கிரேக்க நூல்களில் சொல்லியுள்ள கல் மருந்துகள் எவை என்று தேடித்தான் முதலில் இறங்கினார். இறங்கியவருக்கு ஓர் உண்மை புரிந்தது. நூல்களில் இல்லாத விஷயம் அந்தத் தொழிலாளிகளிடம் ஏராளமாகக் கிடந்தது! அவர்களை விடாமல் கேட்டார், கேட்டதைக் கண்ணால் சரிபார்த்தார், பிறகுதான் எழுதினார். 1530-இல் வந்த அவருடைய முதல் சுரங்க நூலில் மூன்று பேர் உரையாடுகிறார்கள். இருவர் படித்த மருத்துவர்கள், ஒருவர் சுரங்கம் தெரிந்தவர். கேள்வி கேட்பது மருத்துவர்கள், சொல்லிக் கொடுப்பது சுரங்கக்காரர்! பெரும் புலவர் எராஸ்மஸ் அந்த நூலுக்கு முன்னுரைக் கடிதம் தந்தார்.

இப்போது நரம்புக்கு வருவோம்.

தாது நரம்புகள் உலகத்தோடு ஒன்றாகப் படைக்கப்பட்டவை என்று அன்று பலர் நம்பினார்கள். சூரியனும் கோள்களும் பூமிக்குள் உலோகத்தை விளைவிக்கின்றன என்றார்கள் வேறு சிலர். 1546-இல் வெளியிட்ட நூலில் அக்ரிகோலா இதையெல்லாம் மறுத்தார். பாறை முந்தியது, நரம்பு பிந்தியது என்றார். பாறையில் வெடிப்பு விழுகிறது. பூமிக்குள் ஓடும் நீர் கனிமங்களைக் கரைத்துக்கொண்டு அந்த வெடிப்பு வழியாக வருகிறது. வந்த இடத்தில் அவை படிந்து இறுகிவிடுகின்றன. கெண்டியில் தண்ணீர் காய்ச்சக் காய்ச்ச உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்ன அடிப்படை இன்றும் நிற்கிறது. அந்த மலைத்தொடரின் கருங்கல் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் குழம்பாக இருந்து மெல்ல மெல்ல ஆறியது. ஆறும்போது பெரும்பகுதி கல்லாக இறுகிவிட, கடைசியில் மிஞ்சுவது கொதிநீர். 300, 400 பாகை சூடு. மேலே இருக்கும் பாறையின் அழுத்தத்தால் அவ்வளவு சூட்டிலும் அது சாதாரண நீராவி போலப் பறந்துவிட முடியாது. கல்லில் இடம் கிடைக்காத வெள்ளீயம் போன்றவை அந்த நீரில் தங்கிவிடும். பாறை வெடிக்கும், நீர் பாயும், சூடு தணியும். வெள்ளைக் குவார்ட்சும் அதனுள் கருத்த ஈயத்தாதுவும் படியும். வெள்ளி நரம்புகள் அதற்கும் பிந்தியவை. அக்கம்பக்கத்துப் பாறைகளில் ஓடியவை. நம் கிந்தா பள்ளத்தாக்கு ஈயமும் இப்படிக் கருங்கல்லோடு பிறந்ததுதான். மலை கரைந்து, மழைநீர் அதை மணலோடு கீழே கொண்டுவந்து சேர்த்தது. அதைத்தான் ஒரு காலத்தில் ஈய லம்பங்களில் அலசி எடுத்தார்கள்.

நீர் எதனால் சூடாகிறது என்பதில் அக்ரிகோலா தவறினார். பூமிக்குள் நிலக்கீல் எரிவதாக நினைத்தார். சுரங்கத்தில் குட்டிப் பேய்கள் உலவுவதாகவும் எழுதியிருக்கிறார்! பெரியவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு தாது தேடுபவர்களை அவர் ஏற்கவில்லை. ஊரில் கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பார்களே, அதே குச்சிதான். அதைவிட, ஊற்று எங்கே புறப்படுகிறது, அடித்துவரும் கல்லில் என்ன இருக்கிறது, மற்ற இடத்துப் புல்லில் உறைபனி வெளுத்திருக்க எந்தக் கோட்டில் மட்டும் வெளுக்கவில்லை என்று பார்க்கச் சொன்னார்.

குழிக்குள் இறங்கியவர் மருத்துவர் அல்லவா? கல்லை மட்டும் பார்த்துவிட்டு அவரால் ஏறி வர முடியவில்லை. உலர்ந்த சுரங்கத்தில் கிளம்பும் தூள் நுரையீரலை அரிக்கிறது என்று எழுதினார். கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களின் பக்கம், ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததையும் பதிவு செய்தார். ஏழு பேர்! படிக்கும்போது நமக்கே நெஞ்சு அடைக்கிறது. முகத்தில் துணி கட்டச் சொன்னார். நீண்ட கையுறை, உயரமான தோல் காலணி போடச் சொன்னார். குழிக்குள் காற்று அனுப்பும் விசிறிகள், துருத்திகள் எப்படி அமைப்பது என்று படம் போட்டுக் காட்டினார். வெங்கச்சங்கல் தூள் நுரையீரலைக் கல்லாக்கிவிடும் என்பதை இன்று யாவரும் அறிவர். 1879-இல் அதே மலைத்தொடரின் ஷ்னீபெர்க் சுரங்கத்தாரைப் பரிசோதித்த மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பலருக்கு நுரையீரலில் புற்றுநோய். யோகிம்ஸ்தால் தாதுவிலிருந்துதான் கியூரி தம்பதியர் 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். அந்தத் தாதுவோடு சேர்ந்து வரும் ரேடான் வாயுதான் அத்தனை காலமும் குழிக்குள் இருந்து ஆட்களைத் தின்றது. அக்ரிகோலாவுக்கு அது தெரிய வழியில்லை.

பிறகு அவர் கெம்னிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். வசதிக்குக் குறைவில்லை, வெள்ளிச் சுரங்கம் ஒன்றில் அவருக்குப் பங்கும் இருந்தது. 1546 முதல் நான்கு முறை நகரத் தலைவரானார். கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை விட்டு ஓடவில்லை. இத்தனைக்கும் நடுவில் தம் பெரிய நூலை எழுதிக்கொண்டே இருந்தார். அதில் 12 பகுதிகள். சுரங்கத் தொழிலுக்கு இலத்தீனில் சொல்லே கிடையாது. எந்திரம், கருவி, வேலை ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சொல் படைக்க வேண்டியிருந்தது. அறிவியலைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு அந்தப் பாடு எத்தகையது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1550-இல் எழுதி முடித்தார். சொல்லால் புரியாதது கண்ணால் புரியட்டும் என்று, ஓவியரை வைத்து மரக்கட்டைப் படங்கள் செய்வித்தார். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது.

1555 நவம்பர் 21-ஆம் நாள் அவர் காலமானார். அச்சேறிய நூலை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அதோடு இன்னொரு துயரமும் உண்டு. கெம்னிட்ஸ் நகரம் புதிய சீர்திருத்தச் சமயத்துக்கு மாறியிருந்தது. அவரோ கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். நான்கு முறை தலைவராக இருந்து உழைத்த ஊரில் அவர் உடலைப் புதைக்க இடம் கொடுக்கவில்லை. நண்பரான ஆயர் ஒருவரின் உதவியால், வேற்றூரான சைட்ஸ் நகரத்துப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, 1556 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நூல் வெளிவந்தது. தண்ணீர் இறைக்கும் சக்கரம், ஏணியில் இறங்கும் ஆள், ஓடையில் ஈயம் அலசுபவர் என்று ஏறக்குறைய 290 படங்கள். இருநூறு ஆண்டுக்கு அதுவே சுரங்கத் தொழிலின் பாடநூலாக இருந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஒரு கணவன் மனைவி. கணவர் சுரங்கப் பொறியியலாளர். மனைவி நிலவியல் பட்டதாரி, இலத்தீனும் தெரிந்தவர். கணவரின் பெயர் ஹெர்பர்ட் ஹூவர். 1929-இல் அமெரிக்க அதிபரானவர் அவரேதான். மனைவி லூ ஹென்றி ஹூவர். அக்ரிகோலா படைத்த சொற்களுக்குப் பொருள் கண்டுபிடித்து முடிக்க அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1912-இல் இலண்டனில் வெளியிட்டார்கள். படங்களை மட்டும் புதிதாக வரையவில்லை. 1556-இல் இருந்த அதே படங்களையே போட்டார்கள்.