பாசியைப் படித்த பேராசிரியர்

மலருக்குக் கட்டுரை என்றதும், எஞ்சினியர்தானே, பாலத்தைப் பற்றி எழுதுவான் என்று நண்பர்கள் நினைத்திருப்பார்கள். நான் எழுதுவது பாசியைப் பற்றி. அதிலேயே ஆயுளைக் கழித்த எம்.ஓ.பி. அய்யங்காரைப் பற்றி. ஒலக்கூர் ஏரியில தண்ணி பச்சையா நின்னா நாம முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் போவோம். அவருக்கு அதுதான் புதையல்.

1886-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து 1909-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அரசு அருங்காட்சியகம், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று வேலை பார்த்து, 1920-ல் தான் படித்த கல்லூரிக்கே பேராசிரியராக வந்தார்.

பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-ல் எழுதினார். அந்தக் கடல் பக்கம் காலெர்ப்பா என்றொரு பச்சைப் பாசி உண்டு. தண்டு மாதிரி ஓடும், இலை மாதிரி விரியும், வேர் மாதிரி மண்ணைப் பிடிக்கும். அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு செல்! உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது.

இங்கேதான் எஞ்சினியர் புத்தி விழித்துக்கொள்கிறது. ஒரு பொருளின் நீள, அகல, உயரத்தை இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு நாலு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு. செல் பெருத்தால் உணவும் காற்றும் உள்ளே போய்ச் சேராது. அதனால்தான் செல்கள் சிறிசாவே இருக்கு. காலெர்ப்பா செய்த தந்திரம் என்ன? நடுவில் சாறு நிரம்பிய பெரிய வாக்குவோல்; உயிர்ப்பொருள் எல்லாம் சுவரோரம் மெல்லிய படலம். ஒரு உட்கருவை நம்பாமல் ஏராளமான உட்கருக்கள். குழாய் நசுங்காமலிருக்கக் குறுக்கே கம்பி போல் இழைகள். கிழிந்தால் சில நிமிஷத்தில் தானே அடைத்துக்கொள்ளும். எந்த டிசைன் ஆபீஸும் இதைவிட நன்றாகச் செய்யாது.

பாட்டனி சீட் கிடைச்சா வேற குரூப் கிடைக்கலையான்னு கேக்கற ஊர் நம்ம ஊர். தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கணும்: பேராசிரியராகி பத்து வருஷம் கழித்து, 1930-ல், நாற்பது தாண்டிய அய்யங்கார் லண்டனுக்குப் போய் ஃபிரிட்ச் என்ற பாசியியல் அறிஞரிடம் டாக்டர் பட்டத்துக்கு மாணவராகச் சேர்ந்தார். ஈர மண்ணில் வளரும் புதுப் பாசிக்கு 1932-ல் ஃபிரிட்சியெல்லா என்று ஆசிரியர் பெயரையே வைத்தார். தென்னிந்திய வால்வாக்ஸ் இனங்களைப் பற்றிய ஆய்வு 1933-ல் வெளியானது. வால்வாக்ஸ் என்பது நூற்றுக்கணக்கான செல்கள் பந்தாகச் சேர்ந்து நீந்தும் கூட்டுக் குடும்பம்.

திரும்பி வந்து பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1936-ல் அவர் அறிவித்த காராசியோசைஃபன்தான் என்னை இழுத்தது. ஓடை நீரில் வளரும் சின்னப் பச்சைப் பை. காலெர்ப்பா போலவே தடுப்புச் சுவர் இல்லை. ஆனால் உயிர்ப்பொருள் தனித்தனித் துணுக்குகளாகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் சொந்தமாக உட்கரு வைத்துக்கொண்டு, இழைகளால் கைகோத்து நிற்கிறது. இது ஒரு செல்லா, பல செல்லா? பிற்காலத்து டி.என்.ஏ. ஆய்வுகள் இதை வால்வாக்ஸின் உறவு என்றே காட்டுகின்றன. காலெர்ப்பா தூரத்துக் கிளை. அப்படியானால் சுவரில்லாமல் பெருக்கும் வித்தையைப் பச்சைப் பாசிகள் கடலில் ஒரு முறை, நன்னீரில் தனியாக இன்னொரு முறை கண்டுபிடித்திருக்கின்றன.

1944-ல் ஓய்வு பெற்றும் பாசியை விடவில்லை. 1963-ல் காலமானார். வால்வாக்ஸ் குடும்பம் பற்றிய பெரிய நூல், அவர் பெயரோடு மாணவர் டி.வி. தேசிகாச்சாரியின் பெயரும் சேர்ந்து, 1981-ல்தான் அச்சாகி வந்தது.