காலம் கடந்து வந்தவர்களுக்கும் ஒரு கதவு: வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை

உட்துறைமுக வீதிப் பக்கம் வளர்ந்த எனக்கு, அடையாறு என்பது சென்னையில் உள்ள ஓர் இடம் என்று வெகுகாலம் தெரியாது. பெரியம்மாவை உயிரோடு திருப்பித் தந்த ஆஸ்பத்திரியின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது பெரியம்மா திருகோணமலையை விட்டு, மன்னார் வழியாகப் படகேறி, மண்டபம் முகாமுக்குப் போனவர். வெற்றிலை போடுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. கன்னத்தின் உட்புறம் வந்த புண்ணை ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முகாமில் இருந்தபோது அது வாயைத் திறக்க விடாத கட்டியாகிவிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2002இல் சமாதானம் வந்தபோது அவர் ஊருக்குத் திரும்பி வந்தார்.

அந்த ஆஸ்பத்திரியை உருவாக்கியவரைப் பற்றி நான் தேடி வாசித்தது பெரியம்மா இறந்த பிறகுதான்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று பலர் எதிர்த்தார்கள். புதுக்கோட்டை மன்னர் அந்த எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அவர் 1912இல் வைத்தியராக வெளியே வந்தார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய சாவு வீட்டுக்குள்ளேயே நடந்தது. தங்கை சுந்தரம்பாளுக்கு வந்த நோயை முதலில் வயிற்றுளைச்சல் என்றார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் தங்கை இறந்தார். வீட்டில் ஒரு வைத்தியர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை என்ற வேதனை முத்துலட்சுமியை விடவேயில்லை. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் போனபோது அங்கிருந்த புற்றுநோய் வைத்தியசாலையைப் பார்த்தார். அப்படியொன்று நம் மக்களுக்கும் வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

ஆனால் அதற்கு மூன்று பத்தாண்டுகள் பிடித்தன. இடையில் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் சட்டசபைப் பதவியை விட்டார். அதே காலத்தில் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் வைத்தியசாலைக் கோரிக்கையை எல்லோர் முன்பும் வைத்தார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற மனநிலைதான் அப்போது அதிகாரத்தில் இருந்தவர்களிடம் இருந்தது. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து அவர் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் 12 கட்டில்களோடு ஆஸ்பத்திரி திறந்தபோது முத்துலட்சுமிக்கு வயது 67. அமெரிக்காவில் புற்றுநோய்ச் சிகிச்சை கற்றுத் திரும்பிய அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், அவரோடு சேர்ந்த இளம் வைத்தியர் சாந்தாவும் அதைத் தாங்கினார்கள்.

1957இல் கனடாவிலிருந்து கோபால்ட் 60 இயந்திரம் அடையாறுக்கு வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். கனடாவில் நோயாளிகளுக்கு அந்தச் சிகிச்சை தொடங்கியதே 1951இல்தான். அதற்கு முந்திய எக்ஸ்ரே இயந்திரங்களின் கதிர் பெரும்பாலும் தோலிலேயே இறங்கி அதைச் சுட்டுப் புண்ணாக்கும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய அளவு போய்ச் சேராது. கோபால்ட்டின் காமாக் கதிர் தோலை ஓரளவு தப்பவிட்டு ஆழத்துக்கு இறங்கும்.

அப்படியும் பெரிய கட்டிகள் மசியவில்லை. கட்டி பெருக்கும்போது அதன் நடுப்பகுதிக்கு இரத்தம் ஒழுங்காகப் போவதில்லை. அங்கே ஒட்சிசன் குறைவு. ஒட்சிசன் குறைந்த கலத்தைக் கதிர் எளிதில் கொல்லாது. வெளிப்புறம் கரைந்தாலும் நடுவில் தப்பிய கலங்கள் திரும்ப வளரும். அடையாறுக்கு வந்த ஏழைகளில் பலர் அந்த நிலையில்தான் வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சோதித்தார்கள். 1970களில் முற்றிய வாய்ப் புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்து, தனிக் கதிரோடு ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று பல முற்றிய புற்றுநோய்களுக்கு மருந்தும் கதிரும் சேர்த்துக் கொடுப்பது உலகெங்கும் வழமை.

அந்த முடிவுகளை முத்துலட்சுமி பார்க்கவில்லை. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி, 82 வயதாக எட்டு நாட்கள் இருக்கையில் இறந்தார்.

இரவில் எங்கள் பஸ் நிலையத்தில் நின்றால், ஸ்கான் படங்களைப் பையில் போட்டு மடியில் வைத்தபடி இருப்பவர்களைக் காணலாம். மகரகம, தெல்லிப்பழை, மட்டக்களப்பு என்று போகிறவர்கள். கதிர்ச் சிகிச்சை ஒருநாள் வேலையல்ல. பொதுவாகக் கிழமைக்கு ஐந்து நாட்கள், ஐந்து ஆறு கிழமைகள் தொடரும். கடலுக்குப் போகிறவரும், வீட்டில் தனியாகப் பிள்ளைகளைப் பார்க்கிற பெண்ணும் அத்தனை நாள் எங்கே தங்குவது? யுத்த காலத்தில் சோதனைச்சாவடியும் பாஸும் எங்களைத் தாமதப்படுத்தின. இப்போது தூரமும் செலவும் பயமும் அதைச் செய்கின்றன.

முத்துலட்சுமியின் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, தங்கைக்குக் கிடைக்காத ஒன்றை முன்பின் தெரியாதவர்களுக்காக 31 வருடங்கள் விடாமல் கேட்டதுதான். அந்தத் தெரியாதவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, மார்பில் வலியில்லாத கட்டியோ இருந்தால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். முற்றிவிட்டது என்று பயந்து வீட்டில் இருப்பவர்களும் போங்கள். அப்படி வருகிறவர்களுக்காகவும் திறந்த கதவு அது.